இருபத்தேழு வருஷம் பார்க்கிங்கில்: மந்தைவெளியிலிருந்து கோடியக்கரை வரை

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், மேலே போகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருபத்தேழு வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டியவன் நான். மாமல்லபுரத்துக்கு மட்டும் ஐந்நூறு தடவைக்குக் குறையாமல் போயிருப்பேன். கடற்கரைக் கோயிலை நான் பார்த்ததில்லை. அதன் காம்பவுண்டு சுவரை நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

கோவளம், பிச்சாவரம், தரங்கம்பாடி, கோடியக்கரை எல்லாம் இதே கதைதான். சவாரியை வாசலில் இறக்குவேன், வண்டியை நிழலில் போடுவேன், பின்சீட்டில் துண்டை விரித்துப் படுப்பேன். திரும்பி ஓட்ட வேண்டியவன் தூங்கித்தானே ஆக வேண்டும்? அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தவர்கள் பேசுவதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த சவாரிக்கு நேரில் பார்த்த மாதிரி அளந்துவிட்டேன் பாருங்கள், வெட்கம் அதில்தான். "பூநாரை றெக்கைய விரிச்சா வானமே ரோஸ் ஆயிடும் சார்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நம்பிப் போனவர்கள் மன்னிக்கவும்.

நான் கண்ட கடற்கரை எல்லாம் வண்டி மிதியடியில் ஒட்டி வந்த மணல்தான். சவாரி முடிந்து மந்தைவெளியில் வண்டி கழுவும்போது உதறுவேன். கோவளத்து மணல் மாவு மாதிரி. மாமல்லபுரத்து மணல் நறநறவென்று இருக்கும். மரக்காணம் பக்கம் இறங்கியிருந்தால் சிப்பித் தூள் மின்னும். தி.நகர் துணிக்கடைப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு நாள் லீவில் வருவார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். வருஷம் பூராவும் புடவை மடித்த கை. கடலைக் கண்டதும் பேண்டோடு குதித்துவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் இரண்டு முறம் மணல் வரும். போகும்போது பாட்டுப் பாடியவர்கள் திரும்பும்போது ஒருத்தர் தோளில் ஒருத்தர் விழுந்து தூங்குவார்கள். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிற காட்சி அதுதான், கடல் இல்லை.

போன தைப் பொங்கல் முடிந்ததும் வண்டியை விற்பதென்று முடிவாகிவிட்டது. கிளச் மிதிக்கிற முட்டி இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டது. சிந்தாதிரிப்பேட்டையில் ஒருவர் வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் ஒப்படைக்க வேண்டும். இதைச் சாப்பாட்டு நேரத்தில் மல்லிகாவிடம் சொன்னேன். மல்லிகா என் மனைவி, அடையாறில் இரண்டு வீட்டில் சமைக்கிறாள். தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"பதினாலு சீட்டு. அதுல எனக்கு ஒரு நாளாவது ஒரு சீட்டு காலியா இருந்துச்சா?"

கல்யாணமான புதிதில் கோடியக்கரைக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னவன் நான்தான். அதன் பிறகு எல்லா நாளும் சவாரி.

"சரி, இந்த வாரம் போலாம்" என்றேன்.

"போறது பெருசு இல்லய்யா. நீ எறங்கணும். எங்கியாவது ஒரு எடத்துல என் பக்கத்துல நின்னு பாக்கணும். திங்கக்கிழமைக்கு அப்புறம் வண்டியும் கிடையாது, இந்தப் பேச்சும் கிடையாது."

அதுதான் ஒப்பந்தம். ஒரே ஒரு இடம். இதற்கு மேல் சுலபமாக யாரும் கேட்க முடியாது என்று நினைத்தேன்.

புதன்கிழமை திட்டம் போட்டோம். நான் படித்தது ஆறாவது வரைக்கும்தான், ஆனால் கிலோமீட்டர் கணக்கில் என்னை யாரும் அசைக்க முடியாது. மந்தைவெளியிலிருந்து புதுச்சேரி 150, சிதம்பரம் 215, தரங்கம்பாடி 270, வேளாங்கண்ணி 317, கோடியக்கரை 370. வியாழன் கிளம்பி ஞாயிறு திரும்புவது. மல்லிகா வேலை செய்கிற வீட்டு மாமி, "நாலு நாளா? எங்காத்துல யாருடி சமைப்பா?" என்று கேட்டார்களாம். "மாமாவுக்கு உப்புமா பண்ணத் தெரியும்னு நீங்கதானே சொன்னேள்" என்று அவர்கள் பாஷையிலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

வேன் ஸ்டாண்டில் சொன்னதும் தாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். நொச்சிக்குப்பத்துக்காரன், எனக்கு அடுத்த வண்டி அவனுடையது.

"இன்னா மச்சி, டிரைவரே கடல் பாக்கப் போய்க்கினு கீறியா? அப்போ வண்டிய யாரு பாத்துக்குவா?"

நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

வியாழன் காலை 5.10க்குக் கிளம்பி, அடையாறு பாலம் தாண்டி, திருவான்மியூரில் ஆளுக்கொரு காபி. 6.05க்குக் கோவளம். மல்லிகாவை இறக்கிவிட்டு, "நீ போ, நான் வண்டியப் போட்டுட்டு வரேன்" என்றேன். போட்டேன். வரவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. எஞ்சினை அணைத்ததும் கை தானாகத் துண்டை எடுத்துவிட்டது. அரை மணி கழித்து மல்லிகா கண்ணாடியைத் தட்டினாள். "சரி, ஒண்ணு போச்சு" என்றாள்.

மாமல்லபுரத்தில் பார்க்கிங் சீட்டுக் கிழிக்கிறவர் என் பழைய தோஸ்து. வண்டியை விற்கிறேன் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். டீ வந்தது, பழைய கதை வந்தது. 1 மணி நேரம் 20 நிமிடம் போனது. மல்லிகா அர்ச்சுனன் தபசு, கோயில், கடல் எல்லாம் முடித்து வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். "ரெண்டு." புதுச்சேரியில் கடற்கரைச் சாலைப் பக்கம் வண்டி நிறுத்த இடமே இல்லை, அதற்கு என்னைத் திட்ட முடியாது. இருந்தாலும் "மூணு" என்றாள். ஊருக்குள் அறை வாடகை 1,400.

வெள்ளிக்கிழமை பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர். தண்ணீருக்கு நடுவில் காடு, மரமெல்லாம் வேரை ஊன்றிக்கொண்டு நிற்கும், துடுப்புப் படகில் உள்ளே போகலாம். (இதுவும் கேள்விப்பட்டதுதான்.) படகுத்துறை வரைக்கும் நடந்தேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன், வண்டி தனியாக வெயிலில் நின்றது. மேலே கேரியரில் பெட்டி எதுவும் இல்லை, உள்ளே ஒரு தலையணையும் மாற்றுத் துணியும்தான். ஆனாலும் காலெடுத்துப் படகில் வைக்க முடியவில்லை. "நான் இங்கயே இருக்கேன், நீ போய்ட்டு வா" என்றேன். மல்லிகா மட்டும் ஏறினாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து செல்போனை நீட்டினாள். படகில் கும்பகோணத்துக் குடும்பம் ஒன்று, புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். அவர்களோடு மல்லிகா. அந்த வீட்டு அம்மா எடுத்துக் கொடுத்த படமாம்.

"அவங்க கேட்டாங்க, தனியாவாம்மா வந்தீங்கன்னு."

"நீ இன்னா சொன்னே?"

"டிரைவர் வெளிய இருக்காருன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மாலை 4.40க்குத் தரங்கம்பாடி. கோட்டை மதில் எதிரில் வண்டியை நிறுத்தினேன். கதவைத் திறந்துவிட்டேன். மல்லிகா இறங்கவில்லை.

"போய்ப் பாரு."

"நானும் எறங்கல. இன்னிக்கி நானும் டிரைவர்."

அப்படியே உட்கார்ந்திருந்தோம். எதிரில் மதில், மதிலுக்குப் பின்னால் அலைச் சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். இருபத்தேழு வருஷம் ஆட்கள் நிறைந்து தூங்கிய சீட்டெல்லாம் காலி. எனக்குப் பின்னால் ஒருத்தி மட்டும். ஒரு சுண்டல்காரர் வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டார். "ஆமாண்ணே, ரொம்ப வருஷமா" என்றாள் மல்லிகா. இரண்டு பொட்டலம் வாங்கினோம். அன்று இரவு வேளாங்கண்ணியில் தங்கல், 1,000 ரூபாய்.

சனிக்கிழமை 5.30க்குக் கிளம்பினோம். வேதாரண்யம் தாண்டி வனத்துறைச் சாவடியில் சீட்டு வாங்கி உள்ளே போகும்போது மணி 6.50. வழியிலேயே வெளிமான் கூட்டம். ஆண்மான் கறுப்புச் சட்டை, வெள்ளை பனியன் போட்ட மாதிரி இருக்கிறது, கொம்பு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. வண்டியை நிறுத்தி இரண்டு பேரும் பார்த்தோம். "உள்ள இருந்து பாத்தது கணக்குல சேராது" என்றாள் மல்லிகா. சதுப்பு நிலத்து ஓரத்தில் பாதை முடிந்தது. அங்கிருந்து நடக்க வேண்டும். அவள் என்னைக் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். திரும்பியும் பார்க்கவில்லை.

என் துண்டு பின்சீட்டின் மேல் கிடந்தது. அதை எடுத்தேன். தலையில் கட்டிக்கொண்டேன். செருப்பைக் கழற்றினேன், இறங்கினேன், கதவைச் சாத்தினேன், ஓடினேன். முட்டி வலித்தது. சேறு முழங்கால் வரை. "ஏய், நில்லு, வரேன்" என்று நான் கத்தியதில் பக்கத்திலிருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. மல்லிகா நின்றாள்.

தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. உப்பு என்று நினைத்தேன். கோடு நகர்ந்தது. ஆயிரக்கணக்கில் பூநாரைகள், தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு கூட்டம் எழும்பியது. வானமெல்லாம் ரோஸ் ஆகாது, அது நான் விட்ட சரடு. றெக்கைக்கு அடியில் மட்டும் அந்த நிறம் இருக்கிறது. விரிக்கும்போது தெரியும், மடக்கினால் மறைந்துவிடும். வெற்றிலை போட்டவர்கள் சிரிக்கிற மாதிரி.

"நீ சொன்ன மாதிரி இல்லியே" என்றாள்.

"நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் கீது. நீ சொன்னதவிட நல்லா கீது."

ஒரு மணி நேரம் நின்றோம். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சேறு வழுக்கியதால். வழுக்காத இடத்திலும் கையை எடுக்கவில்லை.

இனி, போகப் போகிறவர்களுக்கு. பூநாரைக்கு மார்கழி, தை சரியான மாதம். விடிந்ததும் போய்விடுங்கள், வெயில் ஏறினால் கானல் அலையில் பறவையும் தெரியாது, மானும் நிழலுக்குப் போய்விடும். தண்ணீரும் சாப்பாடும் வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வேதாரண்யத்திலிருந்து 11 கிலோமீட்டர், நடுவில் கடைகளை நம்ப வேண்டாம். ஒரே நாளில் போய் வருகிறேன் என்று வீரம் காட்டாதீர்கள், குறைந்தது மூன்று ராத்திரி வேண்டும். எங்களுக்குப் போக வர டீசல் 6,700, சுங்கம் 560 ஆனது. வாடகை வண்டியில் போகிறவர்கள் டிரைவரையும் ஒரு இடத்திலாவது உள்ளே கூட்டிப் போங்கள். வர மாட்டேன் என்பார். பிடித்து இழுங்கள்.

இன்னொரு தகவல். எங்கள் வண்டியில் உள்பொத்தானை அமுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும். ஓடுகிற அவசரத்திலும் கை தானாக அமுக்கியிருக்கிறது. நாங்கள் திரும்பி வந்தபோது மணி 8.45. கதவு பூட்டியிருந்தது. சாவி உள்ளே தொங்கியது. இரண்டு ஜோடிச் செருப்பும் உள்ளே இருந்தன. இரண்டு செல்போனும் உள்ளே இருந்தன, அதில் ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. மாற்றுச் சாவி மந்தைவெளியில், அலமாரியில், மிகவும் பத்திரமாக இருந்தது.