இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

கட்டைவிரலை எடுக்க மாட்டார். ஒட்டிய சீட்டின் மேல் அதை அழுத்தி வைத்துக்கொண்டு, இடது மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தின் விநாடி முள்ளையே பார்ப்பார். அது ஒரு முழுச் சுற்று வர வேண்டும். அதற்குள் யார் என்ன கேட்டாலும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். சுற்று முடிந்ததும் புத்தகத்தை மூடி, அட்டையின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு. "நாப்பத்தி நாலு" என்பார். "இன்னும் பதினேழு."

ஒட்டுவது அவரே எழுதிய புத்தகத்தில். ரயில்பாதைகளின் வரலாறு, மூன்று பாகம். மூன்றாவது, விபத்துகளும் விசாரணைகளும். அச்சானது முந்நூறு பிரதி. அவற்றில் அறுபத்தொன்று எந்தெந்த நூலகத்தில் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று துப்புத் துலக்கிப் பட்டியல் வைத்திருக்கிறார். மறுபதிப்புக்குப் பதிப்பகம் கையை விரித்துவிட்டது. எனவே சட்டைப் பையில் ஒரு பசைக்குச்சி, ஒரு உறை நிறையச் சீட்டுகள், தும்மலுக்கு ஒரு கைக்குட்டை. எழுபத்தொரு வயதில், மாடிப்படியைக் கண்டால் முறைக்கும் முழங்கால்களோடு கிளம்பிவிடுகிறார்.

சீட்டில் இவ்வளவுதான் இருக்கும்: 'பக்கம் 214. சிக்னல்காரர் உறங்கிவிட்டார் என்று எழுதியது தவறு. கேபின் கடிகாரம் ஒன்பது நிமிடம் மெதுவாக ஓடியது. அவர் விழித்திருந்தார். - நூலாசிரியர்.'

அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன் என்பதாலும் கார் வைத்திருப்பவன் என்பதாலும் சில நூலகங்களுக்கு நானும் துணை போயிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து விசாவில் வந்து பிழைப்பவன் நான்; சீருடை போட்ட யாரைக் கண்டாலும் ஒதுங்கி நின்றுவிடுவேன். அவருக்கு அந்தக் கவலை கிடையாது. ஒருமுறை நூலகத்துப் பெண் பிடித்துவிட்டார்.

"சார், இது பொதுப் புத்தகம். இதுல எழுதக் கூடாது."

"எழுதலம்மா. ஒட்டுறேன்."

"ஒட்டவும் கூடாது."

"நான் எழுதின புத்தகம்மா இது."

"அப்ப வீட்ல வச்சு ஒட்டிக்கோங்க!"

விரல் சீட்டின் மேலேயே இருந்தது. "இன்னும் இருபது செகண்டும்மா. அப்புறம் திட்டுங்க" என்றார். அந்தப் பெண் இடுப்பில் கைவைத்து இருபது விநாடி காத்திருந்து, பிறகு திட்டினார்.

கல்லூரியில் முப்பத்தோரு வருடம் போக்குவரத்து வரலாறு நடத்தியவர். எடுத்த பேச்சிலிருந்து இம்மியும் விலக மாட்டார் என்பதால் சக ஆசிரியர்கள் வைத்த பெயர் 'தண்டவாளம்'. துறைத் தலைவர் பதவி வரும் வரும் என்று கடைசியில் துறையே போய், வணிகவியலோடு சேர்த்துவிட்டார்கள். ரயில் வரலாறு என்றதும் புகை கக்கும் எஞ்சினைப் பற்றிப் பேச வருபவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "எஞ்சினைப் படம் புடிக்க ஊரே வரும். ஸ்டேஷன் பதிவேட்டைப் பிரிச்சுப் பாக்க நான் ஒருத்தன்தான்" என்பார். வண்டியில் போனால் முதுகு எஞ்சினைப் பார்க்கத்தான் உட்காருவார். வரப்போவதைப் பார்க்க டிரைவர் இருக்கிறாராம்.

அவருடைய வகுப்புகள் எல்லாம் பிற்பகலில்தான். மாணவர்களில் பாதிப் பேர் மேசையில் தலை சாய்த்துவிடுவார்களாம். "ஒருத்தனையும் எழுப்பினதில்ல தம்பி. தூங்கினவன எல்லாம் விட்டுட்டேன். தூங்காத மனுஷனைப் போயி தூங்கினாருன்னு எழுதி வச்சுட்டேன்."

நடந்தது இது. அறுபது வருடத்துக்கு முன் ஒரு பனிக்காலை, சரக்கு வண்டியும் பயணிகள் வண்டியும் மோதிக்கொண்டன. சிக்னல் கேபினில் இருந்தவர் பதிவேட்டில் எழுதியிருந்த நேரத்துக்கும் ஸ்டேஷன் நேரத்துக்கும் ஒன்பது நிமிடம் வித்தியாசம். தூங்கிவிட்டு, விழித்ததும் வாய்க்கு வந்த நேரத்தை எழுதினார் என்று விசாரணை முடிவுகட்டியது. வேலை போயிற்று. நம்மவர் எல்லாத் தாள்களையும் படித்துவிட்டு, விசாரணை சொன்னது சரியே என்று இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் எழுதினார். புத்தகம் வந்த மாதமே அந்தச் சிக்னல்காரரின் மகளிடமிருந்து ஒரு கடிதம். ஒரே வரி: 'என் அப்பா தூங்கவில்லை.' அதற்கு இவர் மேற்கோள்களோடு இரண்டு பக்கம் பதில் போட்டார்.

நாலு வருடத்துக்கு முன், வேறு எதையோ தேடி ஆவணக் கிடங்கில் ஒரு கட்டைப் பிரித்தபோது, ரயில்வேக்குக் கடிகாரம் பழுது பார்த்தவரின் நோட்டுப் புத்தகம் கிடைத்தது. விபத்து நடந்து மூன்றாம் நாள்: 'சிக்னல் கேபின். ஒன்பது நிமிஷம் மெது. சரி செய்தது.' அங்கேயே உட்கார்ந்து, சிக்னல்காரரின் பதிவேட்டில் அன்று குறித்திருந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்பதைக் கூட்டிப் பார்த்தார். எல்லாம் அடுத்த நிலையத்துப் பதிவோடு கச்சிதமாகப் பொருந்தின. தூங்கியவன் கை அப்படி எழுதாது. தும்மல்கூட நின்றுபோயிற்றாம்.

அவர் மனைவிக்கு நாக்கில் ஈரம் கொஞ்சம் குறைவு. "நம்ம புத்தகத்தை ஒருத்தரும் படிக்கலன்னு பொலம்புவீங்களே. ஒருத்தங்க படிச்சிருக்காங்க பாருங்க" என்றார் அன்று. அறுபத்தொன்றாவது பிரதியும் ஒட்டி முடித்த மாலை, அவர் பட்டியலை மடித்து வைக்கும்போது மனைவி சொன்னார்: "ஏங்க, மொதல்ல ஒட்ட வேண்டிய வீட்டை விட்டுட்டு ஊர் பூரா ஒட்டிட்டு வந்திருக்கீங்க."

மறுநாள் காலை, காரை எடுக்கச் சொல்லி என் கதவைத் தட்டினார் வரலாற்றாசிரியர்.

சிக்னல்காரரின் மகள் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தபோது பின்னால் இஸ்திரி மேசையும் மூலை பிசகாமல் மடித்த தலையணை உறைகளும் தெரிந்தன. வரலாற்றாசிரியருக்கு மூச்சு வாங்கியது.

"நான்தான்ம்மா அந்தப் புத்தகம் எழுதினவன்."

"தெரியுது. பின்னட்டையில படம் இருக்கே. அதுல முடி இருந்துச்சு."

"உங்க அப்பா தூங்கல."

"அதைத்தானே அன்னைக்கே எழுதினேன். ரெண்டு பக்கம் பதில் போட்டீங்க."

சொல்ல வேண்டியதை அவர் நின்றபடியே சொன்னார். அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. ஒரு உறையை முடித்து மடித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"வேலை போன பிறகு அப்பா எங்க முன்னாடி கண்ணை மூடினதே இல்ல. பகல்ல கண்ணு சொக்குச்சுன்னா எந்திரிச்சுப் போயி மூஞ்சியக் கழுவிட்டு வந்து உக்காருவாரு. சாகுற வரைக்கும் அப்படித்தான்."

வரலாற்றாசிரியரின் கை சட்டைப் பையில் பசைக்குச்சியைத் தேடிக்கொண்டே இருந்தது. அந்த அம்மாள் உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். இவர் பக்கங்களைத் தள்ளினார். இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தது. அதற்கு எதிரே இருநூற்றுப் பதினைந்து. நடுவே, கத்தரி ஓடிய ஓரம் முதுகை ஒட்டி ஒரு நூலளவு நின்றது.

"வந்த வாரமே வெட்டிட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

"அப்ப... எங்கம்மா ஒட்டுறது?"

அந்த அம்மாள் சீட்டை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இரண்டு தரம் படித்தார். பிறகு இருநூற்றுப் பதினைந்தாம் பக்கத்தின் மேல் விளிம்பைக் காட்டினார். "இங்க."

வரலாற்றாசிரியர் பசை தடவி வைத்தபோது சீட்டு லேசாகக் கோணிக்கொண்டது. வழக்கம்போல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அந்த அம்மாள் அதை ஒதுக்கிவிட்டுத் தன் கட்டைவிரலை வைத்தார்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம்மா."

மணிக்கட்டைத் திருப்பினார். விநாடி முள்ளைப் பார்த்தார். பிறகு வாரைத் தளர்த்திக் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."