துருவத்திலிருந்து வந்த சண்டை

நான் சண்டைக்காரிதான். அதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. என் வீட்டுக்காரரும் இளைத்தவரில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர். எங்கள் குடித்தனம் நன்றாக நடப்பதே அதனால்தான்.

எஸ்டேட்டில் ஜீப்பும் டிராக்டரும் பழுது பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தென் துருவக் கடலோர ஆராய்ச்சி நிலையத்தில் மெக்கானிக் வேலை கிடைத்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருக்க வேண்டும். அவர் போய் இறங்கிய டிசம்பரில் நாங்கள் ஏற்காட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காப்பிப் பழம் காயவைத்துக்கொண்டிருந்தோம். அங்கேயோ கோடை.

"ஏம்புள்ள, சூரியன் எறங்கவே மாட்டேங்குது! ராத்திரி பன்னண்டு மணிக்கும் வெயிலடிக்குது. பாறைச் சந்துல ஐஸ் உருகித் தண்ணி ஓடுது" என்று போனில் கத்துவார்.

"அதுல கொஞ்சம் இங்க அனுப்புங்க, காப்பி காயமாட்டேங்குது" என்பேன். அதிலேயே ஒரு சண்டை.

பங்குனி வாக்கில் அங்கே பகல் சுருங்கத் தொடங்கியது. ஓடிய தண்ணீர் கல்லாயிற்று. கரையோரத்திலிருந்து கடலும் உறைந்துகொண்டே போனது. கடைசிக் கப்பல் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. மே கடைசியில் சூரியன் மேலே வருவதே நின்றுபோயிற்று. மத்தியானத்தில் மட்டும் அடிவானம் கொஞ்சம் சிவக்கும், அந்த மங்கலில் பனியெல்லாம் நீலமாகத் தெரியும் என்றார். அதன் பிறகு அவர் பேச்சும் சுருங்கியது. சாப்பிட்டீங்களா என்றாலும் "ம்". குளிருதா என்றாலும் "ம்". வேண்டுமென்றே அவர் அம்மாவை வம்புக்கு இழுத்தேன். அதற்கும் "ம்" தான்.

ஜூனில் எங்கள் மலையையும் மேகம் மூடிக்கொண்டது. துணி காயவில்லை, அடுப்படியில் பட்டப்பகலில் லைட் போட வேண்டியிருந்தது. இருந்த வெளிச்சத்தையும் வாசலில் நிற்கும் பலா மறைத்தது. கல்யாணமான வருஷம் அவர் வைத்த மரம். ஒருமுறை துணிக்கொடி கட்ட ஒரு கிளையை ஒடித்ததற்கு வீட்டையே இரண்டாக்கினார். இப்போது பக்கத்து ஊரான செம்மநத்தத்திலிருந்து கிளை கழிக்கிற ஆளை வரச்சொன்னேன். அந்த ஆள் அரிவாளோடு நிற்கும்போதே, நல்ல சண்டை வரும் என்ற ஆசையில் போன் போட்டேன்.

"ஏனுங்க, பலா மரத்தை அடியோட வெட்டப்போறேன்."

"சரி, வெட்டிக்க."

ஐயோ ஆண்டவரே! அந்த இருட்டு என் மனுஷனைத் தின்றுகொண்டிருந்தது. போய்க் கூட்டிவரவும் வழியில்லை. ஐஸ் விலகிக் கடல் வழி விட்டால்தான் கப்பல்.

"ஏனுங்க அக்கா, வெட்டட்டுங்களா?" என்றார் வந்தவர்.

"வேண்டாமுங்க. ஊட்டுக்காரரு இன்னும் சொல்லலீங்க."

"இப்பத்தான் சரின்னாருங்களே?"

"அது அவரு சொன்னதில்லைங்க."

காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். ஆனால் அன்றிலிருந்து தினமும் போன் போட்டு, இன்றைக்கு ஒரு கிளை போச்சு, இன்றைக்கு இன்னொன்று போச்சு என்று புளுகினேன். விட்டுவிடுகிற ஆள் நானில்லை.

ஜூலை கடைசியில் ஒரு நாள் அவரே கூப்பிட்டார்.

"சூரியன் வந்துருச்சு புள்ள! விளிம்பு மட்டும் எட்டிப் பாத்துட்டுப் போயிருச்சு. ஐஸ் மேல என் நிழலு எவ்வளவு நீளம் தெரியுமா? அதப் பாத்து நொம்ப நாளாச்சு. ஆமா, என் பலா மரத்துல யாரக் கேட்டுக் கை வெச்சே? வந்தா இருக்குது உனக்கு!"

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பதிலுக்கு நன்றாகத் திட்டினேன்.

வெயில் திரும்பியும் அங்கே ஐஸ் இளகிவிடவில்லை. செப்டம்பர் வரைக்கும் கடல் இன்னும் உறைந்துகொண்டேதான் போனதாம். எனக்கு அந்தக் கவலை இல்லை. வெயில் முன்னால் வரும், ஐஸ் பின்னால்தான் விடும், கப்பல் அதற்கும் பின்னால். ஆனால் வரும்.

வந்தார். பெட்டியை வாசலில் போட்டுவிட்டு, என்னைக்கூடப் பார்க்காமல் பலாவை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு கிளையும் குறையவில்லை.

"அத்தனையும் பொய்யா?"

"ஆமாங்க. நீங்க வெட்டிக்கன்னீங்களே, அது மட்டும் நெசமாங்க?"

அடிமரத்தில் கையை வைத்தார்.

"அது நான் சொன்னதில்ல புள்ள" என்றார்.