அண்ணன் வீட்டுச் சோற்றில் சாம்பல் வாசம்

இந்தியா முழுக்க ஓட்டை போட்டவன் நான். போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறிப் போய், ராஜஸ்தானிலும் ஒடிசாவிலும் யார் யாருக்கோ தண்ணீர் காட்டிக் கும்பிடு வாங்கியிருக்கிறேன். சொந்தக் காட்டில் மட்டும் எங்கே துளைத்தாலும் கல்மாவுப் புகைதான் வந்தது.

கடைசியாக வரப்போரம் ஒன்று போட்டேன். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, தன் காட்டில் நல்ல தண்ணீர் கண்டிருந்தார். பக்கத்துக் காட்டில் தண்ணீர் வந்தால் அந்த ஊற்றுக்கண்ணைக் குறிவைத்து வரப்பை ஒட்டி நாமும் ஒன்று இறக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். வழக்கத்தை மீறலாமா? அவருடைய போருக்கு நேர் எதிரே இறக்கினேன். கொஞ்ச காலம் கொட்டியது, பிறகு வறண்டது. அண்ணன் தன் போரை இன்னும் ஆழமாக்கிக்கொண்டார். என்னோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டார்.

போன கோடையில் ஊருக்கு மேலே மலை பற்றி எரிந்தது. அப்புறம் பெய்த மழையைப் பிடித்து நிறுத்த அங்கே ஒரு புல்வேர்கூட மிச்சமில்லை. ஓடை கன்னங்கரேலென்று சீறிக்கொண்டு வந்து, நேராகக் காவிரியைப் பார்த்துப் போய்விட்டது. கரையில் காய்ந்துகொண்டிருந்த எங்கள் தென்னைகள் வேடிக்கை பார்த்தன.

"நீங்க ரிக்கு பின்னால சுத்துனப்ப நாங் கொடத்துல தூக்கி ஊத்துன மரமுங்க" என்றாள் மனைவி. "வார கோடைக்குத் தண்ணியில்லீன்னா வெட்டறதுதான்."

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியிலிருந்து நிலத்தடி நீரை ஆராயும் ஒரு பெண் வந்தார். எரிந்த மலையிலிருந்து வரும் வெள்ளத்தைப் பூமிக்குள் சேர்த்துவைக்க முடியுமா என்று பார்க்க அவருக்கு ஒரு செத்துப்போன போர் வேண்டும். ஊரில் யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் கைகாட்டினார்கள். தோல்வியிலும் ஒரு புகழ் இருக்கத்தான் செய்கிறது.

ஓடையிலிருந்து வாய்க்கால் இழுத்து, வரப்போரப் போரைச் சுற்றிக் குழி வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பினோம்.

"வடிகட்டறதுக்குக் கரி போடோணுமுங்களா?" என்று கேட்டேன்.

"கரிதான் மலையிலிருந்தே வருதேண்ணா" என்று சிரித்தார்.

அடுத்த மழைக்குக் குழி மடமடவென்று குடித்தது. அவர் போருக்குள் டேப்பை இறக்கிப் பார்த்தார். மட்டம் ஏறியிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டேன். மோட்டாரை இறக்க ஆள் வருவதற்குள் மட்டம் பழையபடி கீழே போய்விட்டது. அதற்கடுத்த மழையிலும் அதே கதை.

"எங்கேயோ போகுது" என்றார் அந்தப் பெண், கருவிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு.

எங்கே என்று கண்டுபிடித்தது அண்ணன் மனைவியின் மூக்கு. ஒரு காலையில் சோற்றுப் போசியோடு வரப்பில் வந்து நின்றார்.

"ஏனுங் கொழுந்தனாரே, குழிக்குள்ள என்னத்தைங்க ஊத்தறீங்க? எங்கூட்டுச் சோறு பூராவும் சுடுகாட்டு நாத்தமடிக்குது!"

ஆராய்ச்சிக்காரப் பெண் அவர்கள் மோட்டார் ரூமுக்கு ஓடினார். குழாயில் பிடித்து முகர்ந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"பூமிக்குள்ள தண்ணி தங்குதுண்ணா! பாறை இடுக்கு வழியா நேரா இந்தப் போருக்கு வந்துருக்கு!"

வராமல்? அந்த இடுக்கைத் தேடித்தானே நான் அங்கே துளைத்தேன். அண்ணனுடைய தண்ணீரை என் பக்கம் இழுக்கத் திறந்த வழியில், என் வெள்ளம் அவர் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தொழிலில் நான் அப்படியொரு கெட்டிக்காரன்.

"உங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க" என்றாள் மனைவி. "அதுல பாதிய நம்ம மரத்துக்கு உடச் சொல்லி."

"அவங்கிட்டயா? நானா?"

"உங்களுக்குத்தானுங்க ரோசம். மரத்துக்கென்ன?"

அன்று மாலையே வாய்க்காலை மண்போட்டு அடைத்தேன். இன்னும் ஒரு மழை பார்க்கலாமென்று அந்தப் பெண் எவ்வளவோ கெஞ்சினார். என் தண்ணீரை என் செலவில் அண்ணனுக்கு ஊட்டிவிட நான் என்ன கேனையனா? மிச்ச மழையெல்லாம் கறுப்பாக ஓடையோடு போனது. அண்ணனும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ரத்தம் அல்லவா.

இந்தக் கோடையில் தென்னைகளை வெட்டினோம். செங்கல் சூளைக்காரர் துண்டு துண்டாக அறுத்து ஏற்றிக்கொண்டு போனார். மனைவி வெளியே வரவில்லை. கொஞ்ச நாளில் அண்ணனுடைய போரும் வறண்டது.

இப்போது இரண்டு வீட்டுக்கும் ஒரே டேங்கர் லாரிதான். முதல் நாள் நானும் மனைவியும் குடங்களோடு நின்றோம். எங்களுக்குப் பின்னால் அண்ணன் மனைவி. குழாயிலிருந்து சிந்தியதை உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தார்.

"இந்தத் தண்ணியில நாத்தமே இல்லீங்க கொழுந்தனாரே."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதிலுக்கு ஏதாவது கேலி பேசலாமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் குடம் நிறைந்துவிட்டது. நகரச் சொன்னார்கள்.