சங்கரா மீனோடு போன பாடம்

போன வருஷம் பட்டினப்பாக்கத்தில் ரோட்டோரம் நான் மீன் விற்றுக்கொண்டிருந்தபோது நடந்தது இது. முன்பு என் பக்கத்துக் குடிசையில் இருந்த ஒருத்தி, கடையிலும் என் பக்கத்தில் உட்கார்ந்து மீன் வெட்டித் தருவாள். நாற்பது வயதில் பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். மற்ற பாடமெல்லாம் பாஸ். இங்கிலீஷ் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. அதையும் தாண்டினால் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவியாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மீன் கட்ட நாங்கள் வாங்கும் பழைய பேப்பரில், ஒரே இங்கிலீஷ் வார்த்தைக்குப் பல அர்த்தம் சொல்லும் பகுதி வரும். அந்தத் தாளை மட்டும் உருவி, தான் உட்காரும் பலகைக்கு அடியில் சேர்த்து வைப்பாள்.

"இன்னாமே, வஞ்சிரம் இங்கிலீஷ்ல கெஞ்சுனாத்தான் வெட்டுவியா?" என்று தினமும் சீண்டுவேன். சிரிப்பாளே தவிர, படிப்பை விடமாட்டாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் நல்ல கூட்டம். அவள் சாப்பிடப் போயிருந்தாள். என் பேப்பர் தீர்ந்துபோனது. கைக்கு எட்டியதை உருவி ஒருவருக்குச் சங்கரா கட்டினேன். அடுத்தவருக்கு இன்னொன்று. அவள் திரும்பி வந்து பலகையைத் தூக்கியபோதுதான் நான் எதை உருவியிருக்கிறேன் என்று புரிந்தது.

"அல்லாத்தையும் கட்டிக் குட்த்துட்டியா ஆயா?"

  பலகையைத் திரும்பப் போட்டு உட்கார்ந்து மீனை எடுத்தாள்.

"உடு, பேப்பர்தானே போச்சு. நீ எதுனா காட்டிக்கினே இரு, நான் சொல்றேன்."

செதிலைக் காட்டினேன். "ஸ்கேல். புள்ளைங்க கோடு போடறதும் ஸ்கேலு." தலைக்கு மேலே பல்பைக் காட்டினேன். "லைட்டு. காலிக் கூடை கனமே இல்லாம கீதே, அதுவும் லைட்டு."

காட்ட எனக்கு ஒன்றும் கிடைக்காதபோது அவளே சொன்னாள்: "பேங்க்னா துட்டு போடற எடம். நாம முன்ன குட்சை போட்டுக்கினு இருந்தோமே, அந்த ஆத்தங்கரையும் பேங்க்குதான்."

"அடிப்பாவி, அம்மாம் வருசம் பேங்க்லயா குடியிருந்தோம்?" என்றேன். சிரித்தாள். வெட்டுகிற கை நிற்கவில்லை, ஒரு வார்த்தையிலும் தடுமாறவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

பாஸாகிவிட்டாள். இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் வேலை. மீன் வாங்க வந்தால் என்னிடம் பேரம் வேறு பேசுகிறாள்!

என் வாய் இன்னும் யாரையும் சும்மா விடாது. ஆனால் அடுத்தவள் பலகைக்கு அடியில் மட்டும் என் கை போகாது, அங்கே அவள் எதைச் சேர்த்து வைத்திருக்கிறாளோ யாருக்குத் தெரியும்.