மகள் தொட்ட சிலுவை

பிரெஞ்சு பேசும் எங்கள் ஊரின் பியர்பொன்ட்ஸ் பூங்காவில் அன்று வரவேண்டிய பேஸ்போல் நடுவர் வரவில்லை. நடுவர் வகுப்புக்குப் போய்வந்தவன் என்று என்னைப் பிடித்து முகமூடியை மாட்டிவிட்டார்கள். பதின்மூன்று வயது மகள் பந்தெறியும் ஆட்டத்துக்குத் தகப்பன் நடுவர். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். உள்ளூரப் பெருமையாக இருந்தது, சொல்லவில்லை.

பேஸ்போலில் 'பாக்' என்று ஒரு குற்றம் உண்டு. தளத்தில் ஓட்டக்காரர் நிற்கும்போது, எறிபவர் இரண்டு கைகளையும் கையுறைக்குள் சேர்த்து ஒரு கணம் அசையாமல் நின்றுதான் எறியவேண்டும். நிற்காமல் எறிந்தாலோ, சேர்த்த கையைச் சும்மா பிரித்தாலோ, ஓட்டக்காரரை ஏமாற்றியதாகக் கணக்கு. அவருக்கு ஒரு தளம் இலவசமாகக் கிடைக்கும்; மூன்றாம் தளத்தில் நிற்பவருக்கென்றால் அது ஓர் ஓட்டம்.

என் மகளோ கைகளைச் சேர்த்து நின்றபின், ஒரு கையை எடுத்துக் கழுத்துச் சிலுவையை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் எறிவாள். எதைத் தொடங்கினாலும் அதைத் தொட்டுவிட்டுத் தொடங்கு என்று பழக்கியவர்கள் நாங்கள்தான். மற்ற நடுவர்கள் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள்.

கடைசிச் சுற்று. ஆட்டம் சமநிலை. மூன்றாம் தளத்தில் எதிரணிப் பிள்ளை. மகள் சிலுவையைத் தொட்டாள். என் முதுகுக்குப் பின்னால், கம்பி வேலியோரம், எதிரணிப் பெற்றோர் நின்றார்கள். சொந்தப் பிள்ளைக்குப் பக்கம் பார்க்கிறான் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். "பாக்" என்று கத்தினேன். ஓட்டம் அவர்களுக்குப் போனது.

பிறகு மகளின் அணி துடுப்பெடுத்தது. மூன்றாம் தளம்வரை ஒருத்தி வந்துவிட்டாள். எதிரணியில் எறிந்தவள் நிற்கவேயில்லை. கைகள் சேர்ந்ததும் பந்து வந்துவிட்டது. பார்த்தேன். வாய்வரை வந்ததை விழுங்கினேன். அந்தப் பந்தைத் துடுப்பு தவறவிட, ஆட்டம் முடிந்தது; மகளின் அணி தோற்றது.

எதிரணித் தகப்பன் ஒருவர் கைகுலுக்கி, "மெர்சி" என்று நன்றி சொன்னார். நேர்மையான நடுவர் என்று பிரெஞ்சில் பாராட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்கு இனித்தது.

வீட்டில் பிரெஞ்சைத் தவிர வேறு பேசாத மகள், காரில் தமிழில் கேட்டாள்.

"அப்பா, அவள் நிண்டவளோ?"

"இல்லை."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"ஓம்."

வீடு வந்ததும் சிலுவைச் சங்கிலியைக் கழற்றிக் கார் இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

விதிப்படி நான் மகளுக்குச் சொன்னது சரி. மற்றவளுக்குச் சொல்லாதது கோழைத்தனம். மகள் இப்போதும் எறிகிறாள். கைகளைச் சேர்த்து, கொஞ்சமும் அசையாமல் நிற்கிறாளாம்; மனைவி சொல்லித்தான் தெரியும். ஆட்டம் எந்தப் பூங்காவில் என்று என்னிடம் அவள் சொல்வதில்லை.