நாற்பது அடித் தென்னை

இருபத்திரண்டு வருடமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். கோபுரம், மலை, பறக்கிற விமானம், கலங்கரை விளக்கம் என்று எதைக் கேட்டாலும் கரும்பலகையிலேயே உயரம் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவேன். இதில் கலங்கரை விளக்கத்தை நான் நேரில் பார்த்ததே கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கு எங்கே போவது? வீட்டு வாசலில் நிற்கிற மரத்தைக்கூட ஒரு நாளும் அளந்ததில்லை. நீங்கள் எதையாவது அளந்திருக்கிறீர்களா டீச்சர் என்று யாரும் கேட்காததால் நானும் வாயைத் திறக்கவில்லை.

கேட்டவர் பக்கத்து வீட்டு பாய். திராட்சைத் தோட்டக்காரர், அதிர்ந்து பேசாதவர். ஆனி பிறந்து காற்று கிளம்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடி என் தென்னையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இது சாஞ்சா எங்க வீட்டை எட்டுமா, எட்டாதா?"

அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். மரத்தைப் பார்த்தாற்போல் இருக்கிற ஓட்டு அறையில்தான் காற்று நன்றாக வரும் என்று அதை வெள்ளையடித்து, கட்டில் போட்டு வைத்திருந்தார்கள்.

"எட்டும்னா வெட்டிருவோம். எட்டாதுன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கணக்கு உங்க தொழிலு, அதுல நான் என்னத்தக் கண்டேன்" என்றார். பிறகு ஒரு யோசனையும் சொன்னார். "மரம் ஏறுறவரைக் கூப்பிட்டு உச்சியிலேர்ந்து கயித்தை விடச் சொன்னா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சுரும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்பறம் முக்கோணவியல் எதுக்கு பாய் இருக்கு?" என்றேன்.

உண்மையில் எனக்கு அந்த மரம் வேண்டும். நான் இந்த வீட்டை வாங்கியதே அந்த மரத்தைப் பார்த்துத்தான். மழை பொய்த்த இரண்டு கோடையில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியிருக்கிறேன். அதை வெட்டு என்று யார் சொன்னாலும், நியாயமாகவே சொன்னாலும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் விடியற்காலையில், காற்று கொஞ்சம் அடங்கியிருந்தபோது, ஒரு பாகைமானியில் இளநீர் ஸ்ட்ராவை ஒட்டி, நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தேன். ஏற்றக் கோணம் சரியாக நாற்பத்தைந்து பாகை வந்த இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தேன். மரத்துக்கும் செங்கல்லுக்கும் நாற்பது அடி. நாற்பத்தைந்து பாகை என்றால் தூரம் எவ்வளவோ உயரமும் அவ்வளவு. ஆனால் நான் பார்த்தது தரையிலிருந்து அல்ல, என் கண்ணிலிருந்து. கண் வரைக்கும் என் உயரம் நாலரை அடி. ஆக, மரம் நாற்பத்து நாலரை. மரத்துக்கும் பாய் வீட்டுச் சுவருக்கும் நாற்பத்திரண்டு.

இரண்டரை அடி உள்ளே போகும். கட்டிலின் தலைமாடு அங்கேதான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஓர் அளவை நம்பக்கூடாது, நிறைய அளவுகள் வேண்டும் என்று புள்ளியியல் சொல்கிறது என எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புள்ளியியல் அப்படிச் சொல்வது வாஸ்தவம். எனக்கு வேண்டியிருந்ததோ வேறு ஒரு விடை.

முக்கோணவியல் பாடம் வர இன்னும் மூன்று மாதம் இருந்தது. நான் அந்த வாரமே நடத்தினேன். முதல் அத்தியாயம் என்ன ஆயிற்று என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, காற்றுக் காலத்தில்தான் இதை நடத்த முடியும் என்றேன். அவர் தமிழாசிரியர், ஒருவேளை அப்படித்தானோ என்று பேசாமல் போய்விட்டார்.

சனிக்கிழமை முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் என் வீட்டில் வந்து இறங்கினார்கள். பாய் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்தார். எல்லோரும் வரிசையாகச் செங்கல்மேல் நின்று அளந்தார்கள். நூல் ஒரு பக்கம் ஆடியது, மரம் ஒரு பக்கம் ஆடியது, பையன்கள் சிரித்துச் சிரித்து ஆடினார்கள். உச்சி என்பது குருத்தா, மட்டை நுனியா என்று சண்டை வந்தது. ஒருவன் இருநூற்றுப் பன்னிரண்டு அடி என்றான். எப்படிடா என்றால், "வேரையும் சேத்துருக்கேன் டீச்சர்" என்றான். ஒருத்தி ஒன்பது அடி என்றாள். அவள் அளந்தது பக்கத்தில் நின்ற முருங்கையை.

பதினேழு பேருக்கு நாற்பது. அத்தனை பேரும் கண் உயரத்தைக் கூட்ட மறந்தவர்கள். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. நான் அந்த வாரம் நடத்தியபோது கரும்பலகையில் மனிதனுக்கு உயரமே வைக்கவில்லை, வெறும் புள்ளியாகத்தான் போட்டேன். பன்னிரண்டு பேர் ஒழுங்காகக் கூட்டி நாற்பத்து நாலரை என்றார்கள். மீதி ஏழு பேருக்கு நூல் ஆடியதற்கேற்ப நாற்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரைக்கும் வந்தது.

என் வீட்டுச் சுவரிலேயே சுண்ணக்கட்டியால் எழுதினேன். முதலில் சராசரி போட்டேன். நாற்பத்தாறு. "இது தப்பா வழி காட்டும் பாய், அந்த இருநூத்துப் பன்னெண்டு இழுத்துட்டுப் போயிருச்சு" என்று அழித்தேன். அடுத்து எல்லாரையும் ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பவரைப் பிடிக்கிற இடைநிலை அளவு. நாற்பத்து மூன்றரை. அதையும் அழித்தேன். அதற்கு என்ன காரணம் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. நீளமாக ஏதோ சொன்னேன். கடைசியாக முகடு.

"எந்த விடை அதிகம் பேருக்கு வந்துருக்கோ அது முகடு. பதினேழு பேரு. நாப்பது அடி. உங்க செவுரு நாப்பத்திரெண்டு. எட்டாது பாய்."

முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "டீச்சர், கண்ணு உயரத்தைக் கூட்டணும்ல?"

"அது அடுத்த பாடத்துல வரும், உக்காரு" என்றேன். அங்கே உட்கார ஒன்றுமே இல்லை. அவள் பாவம், வெறும் தரையில் உட்கார்ந்தாள்.

பாய் சுவரில் நான் அழித்திருந்த இரண்டு விடைகளையும் ஒரு தரம் பார்த்தார். "நாப்பதா? சரி டீச்சர், நல்லதாப் போச்சு" என்று சொல்லி, இரண்டு கூடை பன்னீர் திராட்சையை வரவழைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். எனக்குத் தனியாக ஒரு கொத்து. அதைப் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மட்டை விழுந்தால்கூட வகுப்பிலிருந்து வீட்டுக்கு ஓடிவர வேண்டும் போல இருக்கும். மகள் வந்துவிட்டாள், ஆண் குழந்தை பிறந்துவிட்டது, தேனி ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டும் வந்துவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. குழந்தையைப் போய்ப் பார்க்காமல் இருப்பதற்கும் ஒரு அளவு இருக்கிறதே என்று பத்தாம் நாள் கிளம்பினேன். மரத்தின் சங்கதியைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

பாயின் மனைவி அந்த ஓட்டு அறையைத் தாண்டி என்னை உள்ளே கூட்டிப் போனார். கதவு திறந்திருந்தது. வெள்ளையடித்த அறைக்குள் கூரை உயரத்துக்குத் திராட்சைப் பெட்டிகள். தாயும் பிள்ளையும் இருந்தது அடுப்படியை ஒட்டிய சின்ன அறையில். ஜன்னல் கிடையாது. ஒரு மேசை விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பாய் ஒரு அட்டையை வைத்துப் பேரனுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"ஏன், அந்த அறை என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"புள்ளைக வந்து மரத்தை அளந்துட்டுப் போனாகல்ல, அன்னைக்குச் சாயங்காலமே கட்டிலை இங்கன மாத்திட்டாக" என்றார் மனைவி.

நான் பாயைப் பார்த்தேன். "நான்தான் எட்டாதுன்னு சொன்னேனே?"

"சொன்னீக. எட்டாத மரத்துக்கு யாராச்சும் மூணு கணக்குப் போடுவாகளா டீச்சர்?" அட்டையை நிறுத்தாமலேயே கேட்டார். கோபமே இல்லை.

"அப்படின்னா வெட்டச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாய்."

"மூணு போட்டீகளே, அப்பவே தெரிஞ்சுபோச்சு, மரம் உங்களுக்கு எம்புட்டு வேணும்னு. அப்பறம் எப்பிடி வாய் வரும்?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னை நம்பி அந்த மனிதர் கட்டிலை அங்கேயே போட்டிருந்தால் என்று நினைத்துத்தான் ஒரு மாதமாகச் செத்துக்கொண்டிருந்தேன். அவர் என் கணக்கை ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. நம்பாததையும் என்னிடம் காட்டவில்லை. குழந்தையின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. புடவைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டு, அங்கேயே நின்று மரம் வெட்டுகிறவருக்குப் போன் போட்டேன்.

"எத்தனை அடி இருக்கும் டீச்சர்?" என்று கேட்டார் அவர்.

பாய் விசிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாப்பத்து நாலரை" என்றேன்.