சிலுவை இல்லாத கையெழுத்து

பாலக்கரையில் வியாகுலம்மாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. கல்லூரி விடுதிச் சமையல்கட்டில் இருபது வருஷமாக வேலை. புழுத்த அரிசி வந்தால் மூட்டையை வார்டன் அறை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். புருஷன் இருதயநாதன் அவளுக்கு நேர் எதிர். ஊருக்கு வெளியே ஒரு தனியார் விலங்குப் பூங்காவில் கரடிகளுக்குத் தீனி வைப்பவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். போன மாசியில் தீனி வைக்கப் போனவரைக் கரடி அடித்துக் கொன்றுவிட்டது.

கரடி மேல் அவளுக்குக் கோபமில்லை. வாயில்லாத ஜீவன், அதற்கு என்ன தெரியும்? கூண்டின் உள்கதவுத் தாழ்ப்பாள் இற்றுப்போய், மூன்று மாதமாகக் கம்பியால் கட்டித்தான் கதவை நிறுத்தியிருந்தார்கள். "இன்னைக்கும் நோட்டுல எழுதி வச்சிட்டு வந்திருக்கேன், பாப்போம்" என்று சாப்பிடும்போது சொல்வார். பார்த்தார்களே, நன்றாகப் பார்த்தார்கள்! உயிரோடு இருந்தவரை மாற்ற வக்கில்லாத தாழ்ப்பாளை, ஆள் செத்த மறுநாளே புதிதாக மாற்றிவிட்டார்கள். பழைய தாழ்ப்பாள் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாதாம். இருதயநாதன்தான் கதவைச் சாத்த மறந்தார், தவறு முழுக்க அவருடையது என்று போலீசுக்கு எழுதியும் கொடுத்தார்கள். செத்தவர் எழுந்துவந்து இல்லையென்று சொல்ல மாட்டார் என்கிற துணிச்சல்.

தொழிலாளர் துறை விசாரணை நாளன்று பூங்கா மேலாளர் ஸ்டீபன்ராஜ் ஒரு பதிவேட்டை விசாரணை அதிகாரியின் மேஜையில் விரித்தார். தீனி வைக்குமுன் கதவைச் சோதித்து அதில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அங்கே வழக்கம். மூன்று மாதமும் ஒரே வாசகம்: தாழ்ப்பாள் நன்றாக உள்ளது. ஒவ்வொரு நாளுக்கும் இருதயநாதனின் கையெழுத்து.

"அவரே பாத்து எழுதியிருக்காரு சார். இதுக்கு மேல நாங்க என்ன பண்றது?"

அதிகாரி பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். "உங்க வீட்டுக்காரர் கையெழுத்துதானேம்மா?"

அதே சுழி, அதே கோணல். என்னிடம் ஒன்று சொல்லிவிட்டு அங்கே இப்படியா எழுதிக் கொடுத்தாய் என்று, செத்துப்போன மனுஷன் மேலேயே வியாகுலம்மாளுக்கு ஒரு கணம் ஆத்திரம் பொங்கியது. பக்கங்களை வெடுக்கென்று புரட்டினாள். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது.

"சார், என் வீட்டுக்காரர் எதை எழுதினாலும் முதல்ல ஒரு சின்ன சிலுவை போட்டுட்டுத்தான் எழுதுவாரு. மளிகைச் சீட்டுக்குக்கூட. கத்தரிக்காய்க்கு எதுக்குங்க சிலுவைன்னு நானே திட்டியிருக்கேன். இதுல ஒண்ணுகூட இல்லையே."

ஸ்டீபன்ராஜ் சிரித்தார். "இதெல்லாம் ஒரு சாட்சியமா சார்?"

அதிகாரி சிரிக்கவில்லை. நிர்வாகம் கொடுத்திருந்த கோப்பிலேயே இருதயநாதனின் லீவு விண்ணப்பங்கள் ஏழு இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஏழின் தலையிலும் சிலுவை.

"உண்மையான பதிவேடு எங்கங்க?" என்று ஸ்டீபன்ராஜைக் கேட்டார்.

ஸ்டீபன்ராஜ் பதிவேட்டை மூடப் போனார். நிர்வாகத்தின் சாட்சியாக வந்திருந்த பிராங்க்ளின் எழுந்தான். இருதயநாதனோடு எட்டு வருஷம் தீனி வாளி தூக்கியவன், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு பூசைக்குப் போனவன்.

"அதை எரிச்சிட்டாங்க சார். தாழ்ப்பாள் சரியில்லைன்னு அண்ணன் தினமும் அதுல எழுதியிருந்தாரு. புதுசா ஒண்ணு எழுதித் தரலைன்னா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவோம்னாங்க. இதை எழுதினது நான்தான்." பிறகு வியாகுலம்மாளைப் பார்த்தான். "சிலுவை போடணும்னு தெரியும் அக்கா. பொய்க்கு மேல சிலுவை போட கை வரல."

அதிகாரி பதிவேட்டை உறையிலிட்டு முத்திரை வைக்கச் சொன்னார். பிராங்க்ளினின் வாக்குமூலம் பதிவானது. இருதயநாதன் மேல் போட்ட பழி அந்த மேஜையிலேயே விழுந்தது. தப்பித்தோம் என்று பிராங்க்ளின் மூச்சுவிட்டபோது வியாகுலம்மாள் அவன் எதிரில் போய் நின்றாள்.

"சிலுவை போடத்தான் கை வரலையா தம்பி? அவர் பேரை எழுத மட்டும் தொண்ணூறு தடவை வந்துச்சா?"